இக்னாஷின் இடது பக்கம்

ஸெனோன் வில்கோஷுக்கு விமானம் ஓட்டத் தெரியாது. ஆனாலும் அந்தக் குண்டுவீச்சு விமானத்துக்கு அவர்தான் கேப்டன். இதை ஆங்கிலேயர்களுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அவர்கள் படையில் விமானி வைத்ததுதான் சட்டம். போலந்துக்காரர்களிடம் அப்படியில்லை. வரைபடத்தை விரித்துவைத்து வழி சொல்கிறவன் எவனோ அவன் பேச்சைத்தான் மற்ற ஐந்து பேரும் கேட்க வேண்டும்.

"வண்டிக்காரன் வண்டிய ஓட்டட்டும். எங்க போகணும்னு உள்ள உக்காந்திருக்கறவன்தான சொல்லணும்?" என்பார் ஸெனோன்.

"ஆமாமா. குதிரைக்குத் தண்ணி காட்டுறது மட்டும் என் வேலை" என்பான் விமானி ஃபெலிக்ஸ் க்ரூகா. ஆள் மலை மாதிரி இருப்பான். கோபம் வந்தால் எதிரே நிற்பவர் யாரென்று பார்க்க மாட்டான். ஆனால் ஸெனோன் ஒரு திசையைச் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது.

ஸெனோன் க்ரோட்னோ ஊர்க்காரர். ஊரை ஒட்டி நியேமென் ஆறு ஓடுகிறது. போருக்கு முன்பு அந்த ஆற்றங்கரை வயல்களில் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர். இவன் வேலி அவன் நிலத்துக்குள் ஒரு முழம் வந்துவிட்டது என்று அடித்துக்கொண்ட பங்காளிகளையெல்லாம் சமாதானப்படுத்தியவர். முப்பத்தொன்பதாம் ஆண்டு செப்டம்பரில் மேற்கிலிருந்து ஜெர்மானியரும் கிழக்கிலிருந்து ரஷ்யரும் நாட்டை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டபோது, அதை எந்தச் சங்கிலியால் அளப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் படையில் சேர்ந்திருந்தார். ருமேனியாவுக்குள் நடந்தார். அங்கே முள்வேலி முகாம். காவலாளிக்குக் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, கப்பலேறி, பிரான்ஸ் போய், பிரான்ஸும் விழுந்த பிறகு இங்கிலாந்து வந்து சேர்ந்தார். லிங்கன்ஷயரில், கிழங்கு வயல்களுக்கு நடுவே ஒரு விமானத்தளம். எப்போது பார்த்தாலும் மூடுபனி. காலையில் சட்டையை எடுத்து மாட்டினால் ஈரத்துணியை மாட்டினது போலிருக்கும்.

அங்கேதான் இக்னாஷ் வந்து சேர்ந்தான். அதே நியேமென் ஆற்றில் மரக்கட்டை மிதக்கவிடுகிற குடும்பத்துப் பையன். க்ரோட்னோவுக்கு மேலே ஒரு கிராமம். இவர்களுடைய விமானத்தில் வால்பக்கத் துப்பாக்கிக்காரன்.

வால்பக்கம் என்பது வேறு உலகம். கடைக்கோடியில் கண்ணாடிக் கூண்டு ஒன்று, அதற்குள் ஒருவன் முட்டியை மடக்கிக்கொண்டு பின்னால் பார்த்தபடி உட்கார வேண்டும். மற்ற ஐந்து பேரும் முன்பக்கம் ஒருவர் மூச்சு ஒருவர்மேல் படுகிற மாதிரி இருப்பார்கள். அவன் மட்டும் தனி. அவனுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே இருப்பது பேச்சுக் கம்பி ஒன்றுதான். தலையில் மாட்டிய கருவி வழியாக ஒருவர் பேசினால் ஆறு பேர் காதிலும் விழும்.

"நான் எந்த ஊருக்குப் போறேன்னு எனக்கு எப்பவும் தெரியாது. எந்த ஊரை விட்டுட்டு வரேன்னுதான் தெரியும்" என்பான் இக்னாஷ். சாப்பாட்டுக் கூடத்தில்கூட நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகுச் சாய்மானத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டுதான் உட்காருவான். கேட்டால் பழக்கதோஷம் என்பான்.

அவனிடம் ஒரு கோளாறு இருந்தது. கடலின்மேல் பறக்கும்போது காற்று விமானத்தை எந்தப் பக்கம் தள்ளுகிறதென்று தெரிந்தாக வேண்டும். அதற்கு ஒரு மிதவையைக் கீழே போடுவார்கள். தண்ணீரில் விழுந்ததும் அது எரியும். வாலில் இருப்பவன் அதை நோக்கித் துப்பாக்கியைத் திருப்பி, மிதவை விமானத்துக்கு இடப்பக்கம் இத்தனை டிகிரி, வலப்பக்கம் இத்தனை டிகிரி என்று சொல்ல வேண்டும். இக்னாஷ் பின்னால் பார்த்து உட்கார்ந்திருப்பவன் அல்லவா? தன் கைக்கு எது வலதோ அதைத்தான் வலது என்பான். விமானத்துக்கு அது இடது. எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் ஏறவில்லை. ஸெனோனும் கத்தி அலுத்துப்போய், அவன் சொன்னதைத் தலைகீழாக்கி எழுதிக்கொள்ளப் பழகிவிட்டார்.

"ஒரு நாள் நான் திருப்பிப் போட மறந்துட்டேன்னு வெச்சுக்கோ, ஆறு பேரும் கடல்லதான்டா" என்றார் ஒருமுறை.

"நீங்க மறக்க மாட்டீங்க கேப்டன்."

"அப்படி என்னடா நம்பிக்கை?"

"நம்ம ஆத்தங்கரைக்காரர் நீங்க" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா ஒண்ணு. சண்டை முடிஞ்சு ஊருக்குப் போறோமில்ல, அன்னிக்கு என்னை வாலுல போடக் கூடாது. மூக்குல உக்கார வெக்கணும். ஆறு வர்றத நான் முன்னாடி பாத்துட்டே வரணும். செய்வீங்களா?"

"செய்றேன்."

"சத்தியமா?"

"கேப்டன் சொன்னா சொன்னதுதான்டா" என்று ஃபெலிக்ஸ் குறுக்கே வந்தான். "உன்ன மூக்குல கட்டித் தொங்கவிட்டே கூட்டிட்டுப் போறோம், போதுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஸெனோன் சிரிக்கவில்லை. அவருக்கு அது வாக்கு. அவருக்கு அம்மா இல்லை, மனைவி இல்லை, க்ரோட்னோவில் இருந்த வீட்டில் இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்பதும் தெரியாது. இந்த ஐந்து பேரையும் ஊரில் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவரை நடமாட வைத்துக்கொண்டிருந்தது.

நாற்பத்தொன்றாம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு, வடக்கு ஜெர்மனியின் துறைமுகம் ஒன்றுக்குப் போனார்கள். திரும்பும்போது வடக்கிலிருந்து காற்று வீசும் என்று வானிலைக்காரர் கையில் தேநீரோடு சொல்லி அனுப்பியிருந்தார்.

துறைமுகத்தின் மேலே குண்டுகளைப் போட்டு முடித்த கையோடு அடி விழுந்தது. தகரக் கொட்டகைமேல் கல்மாரி பொழிகிற மாதிரி சத்தம். வானொலிக்காரன் ரோமானின் கருவி சுக்குநூறானது. அவனுக்குக் கையில் கீறல்தான். எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் ஸெனோன். முன்பக்கத் துப்பாக்கிக்காரன் உட்பட நான்கு பேர் பதில் சொன்னார்கள். வாலிலிருந்து பதில் இல்லை.

"தெயோடர், போய்ப் பாரு" என்று இரண்டாம் விமானியை அனுப்பினார்.

தெயோடர் விமானத்தின் கிழிந்த உடம்பு வழியாக வாலுக்குத் தவழ்ந்து போனான். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "கூண்டு ஒரு பக்கமா திரும்பி நின்னுடுச்சு. கதவு தொறக்க மாட்டேங்குது. தட்டிப் பாத்தேன் கேப்டன். அவனும் உள்ளேருந்து தட்டினான்."

"உயிரோட இருக்கான்ல, அது போதும்" என்றார் ஸெனோன். பேச்சுக் கம்பிதான் அறுந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

கடலுக்கு வந்தபோது மேலே ஒரு நட்சத்திரம்கூட இல்லை. மேகத்துக்குக் கீழே இறங்கினார்கள். அங்கே மேகத்தைவிட இருட்டாக இருந்தது கடல். வானொலி இல்லாததால் கரையிலிருந்து யாரும் வழி சொல்ல முடியாது. ஸெனோனிடம் இருந்தது ஒரு பென்சில், ஒரு வரைபடம், வானிலைக்காரரின் வாய்வார்த்தை. வடக்குக் காற்று என்றால் விமானம் தெற்கே தள்ளப்பட்டுக்கொண்டிருக்கும், வலப்பக்கம் திருப்பி ஈடுகட்ட வேண்டும். கணக்கு சரிதான். ஆனால் அவருக்கு மனசு ஒப்பவில்லை. காற்று மாறியிருந்து, வலப்பக்கம் திருப்பினால், இங்கிலாந்தின் கரை விலகி விலகிப் போகும். பெட்ரோல் தீரும்வரை கடலைத் தவிர எதுவும் வராது.

"ரோமான், ஒரு மிதவையப் போடு."

"யாரு கேப்டன் அளவு சொல்றது? கம்பிதான் செத்துப்போச்சே."

"நீ போடு."

ரோமான் போட்டான். கீழே எங்கோ ஒரு சிறு மஞ்சள் வெளிச்சம் பற்றிக்கொண்டு பின்னால் போனது. ஸெனோன் காதுக் கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஏன் கூப்பிட்டார் என்று அவருக்கே பின்னால் சொல்லத் தெரியவில்லை.

"இக்னாஷ். மிதவை தெரியுதா?"

"தெரியுது கேப்டன்."

அந்தக் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலிருந்தது. எந்தப் பேச்சுக்குப் பின்னாலும் எந்நேரமும் இருக்கும் இயந்திர இரைச்சல் அந்தக் குரலுக்குப் பின்னால் இல்லை. கரகரப்பும் இல்லை. ஒரு மூடிய அறைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"அடிபட்டுச்சாடா?"

"இல்ல."

"மிதவை எவ்வளவு?"

"பத்து டிகிரி. இடது."

ஸெனோனின் பென்சில் பழக்கத்தில் வலது என்று எழுதப் போனது. இக்னாஷ் இடது என்றால் வலது. மிதவை வலப்பக்கம் என்றால் விமானம் இடப்பக்கம், அதாவது தெற்கே தள்ளப்படுகிறது. வானிலைக்காரர் சொன்னதும் அதுதான். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திப் போனது. வலப்பக்கம் திருப்பச் சொல்லிவிட்டால் முடிந்தது.

ஆனால் இக்னாஷ் இப்படி வெட்டிவெட்டிப் பேசுகிறவன் இல்லை. குளிருது, பசிக்குது, மிதவை பாக்க அழகா இருக்கு என்று ஏதாவது உளறாமல் ஒரு எண்ணைச் சொன்னதே கிடையாது. ஸெனோன் பென்சிலை நிறுத்தினார்.

"இக்னாஷ், உன் இடதா? விமானத்தோட இடதா?"

காதுக் கருவியை இன்னும் அழுத்திப் பிடித்தார். பிறகு வந்தது பதில்.

"நான் இப்ப முன்னாடி பாத்துட்டிருக்கேன் கேப்டன்."

அந்தக் கூண்டில் முன்னால் பார்த்து உட்கார முடியாது. உடம்பைத் திருப்ப இடமே இல்லை. வலியில் பிதற்றுகிறானோ என்று பயந்தார் ஸெனோன். "என்னடா தெரியுது?" என்றார் மெல்ல.

"ஆறு தெரியுது. வெள்ளையா உறைஞ்சு கெடக்கு. எங்க வீட்டுல விளக்கு வெச்சிருக்காங்க."

அதற்குப் பிறகு குரல் வரவில்லை.

அவருக்கு அப்போது யோசிக்க நேரமில்லை. முன்னால் பார்ப்பவனுக்கு இடது என்றால் விமானத்துக்கும் இடதுதான். மிதவை இடப்பக்கம், காற்று தெற்கிலிருந்து, தங்களை வடக்கே ஒதுக்கிக்கொண்டிருக்கிறது. கணக்கு, பழக்கம், வானிலைக்காரர் மூன்றும் ஒரு பக்கம். பிதற்றுகிற பையன் ஒரு பக்கம். ஆறு உயிர்.

"ஃபெலிக்ஸ், இடது பக்கம் திருப்பு. பத்து டிகிரி."

"இடதா? காத்து வடக்குன்னு சொன்னாங்களே கேப்டன்."

"இடது."

ஃபெலிக்ஸ் கைப்பிடியைத் திருப்பினான். விமானம் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.

விடிகிற நேரத்தில் கரை வந்தது. அடையாளம் தெரிந்த கரை. உள்ளே ட்ரென்ட் ஆறு கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு துண்டுப் பனிக்கட்டிகூட இல்லை. தரையைத் தொட்டு ஓடி நிற்பதற்குள் ஒரு இயந்திரம் பெட்ரோல் இல்லாமல் இருமிக்கொண்டே அணைந்தது.

ஸெனோன் முதலில் இறங்கி வாலுக்கு ஓடினார். தளத்துப் பணியாட்கள் இரும்புக் கம்பி போட்டுக் கூண்டின் கதவை நெம்பித் திறந்தார்கள். இக்னாஷ் துப்பாக்கிமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இமைகளில் பனி பூத்திருந்தது. உடம்பு விறைத்துப் போயிருந்ததால் அவனை அப்படியே உட்கார்ந்த வாக்கில்தான் வெளியே எடுக்க முடிந்தது.

மருத்துவர் பார்த்துவிட்டு, "துறைமுகத்து மேலயே உயிர் போயிருக்கு. அடிபட்ட கணமே" என்றார்.

"இல்ல" என்றார் ஸெனோன். "கடல் மேல பேசினான்."

மருத்துவர் அவரைப் பார்த்தார். பிறகு கூண்டுக்குள் கையைக் காட்டினார். பேச்சுக் கம்பி அடியோடு அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. கூண்டைத் திருப்புகிற குழாயும் உடைந்து எண்ணெயெல்லாம் வடிந்திருந்தது. அடிபட்டபோது எப்படி நின்றதோ அப்படியே, ஒரு பக்கமாகத் திரும்பி நின்றிருந்தது. அங்கிருந்து பார்த்தால் மிதவை கண்ணிலேயே பட்டிருக்காது. கூண்டின்மேல், விமானத்தைப் போர்த்தியிருந்த துணியின் கிழிசல் ஒன்று காற்றில் தட்டிக்கொண்டிருந்தது. தெயோடர் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான்.

ஸெனோன் ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். ஃபெலிக்ஸ் பக்கத்தில் வந்து குந்தினான்.

"நீயும் கேட்டேல்ல?" என்றார். "அவன் பேசினத?"

ஃபெலிக்ஸ் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "நீங்க கேள்வி கேட்டதெல்லாம் காதுல விழுந்துச்சு கேப்டன். பதில் எதுவும் விழல."

"ரோமானுக்கு?"

"அவனுக்கும் விழல. யாருக்கும் விழல."

"அப்பறம் எதுக்கு இடது பக்கம் திருப்பின? பைத்தியம் மாதிரி தானா பேசிட்டிருந்தவன் சொன்னான்னா?"

"நீங்கதான கேப்டன்" என்றான் ஃபெலிக்ஸ். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. ஸெனோனுக்கு அழுகை வந்தது. அழுதார்.

இக்னாஷைத் தளத்துக்குப் பக்கத்து ஊரான நியூவார்க்கின் இடுகாட்டில் புதைத்தார்கள். அடுத்து கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை வந்தது. எந்த நாட்டில் கிடந்தாலும் போலந்துக்காரர்களுக்கு அந்த மாலைதான் வருஷத்திலேயே பெரிய மாலை. முதல் நட்சத்திரம் தெரிந்ததும் மேஜைவிரிப்புக்கு அடியில் வைக்கோல் பரப்பி, மெல்லிய அப்பத்தை ஆளுக்கொரு விள்ளல் உடைத்து வாழ்த்திக்கொண்டு, பிறகுதான் சாப்பாடு. மேஜையில் ஒற்றைப்படையில் ஆட்கள் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் அடுத்த வருஷம் ஒருவர் குறைவார் என்பது நம்பிக்கை. எதிர்பாராமல் வருகிறவனுக்காக ஒரு தட்டும் ஒரு நாற்காலியும் காலியாக இருக்க வேண்டும். ஆங்கிலேய விவசாயி ஒருவரிடம் வைக்கோல் கேட்டபோது, "விமானம் இப்ப வைக்கோல் தின்னுதா?" என்று கேட்டுவிட்டு ஒரு கட்டு கொடுத்திருந்தார். பீட்ரூட் சூப் இருந்தது. கெண்டைக்குப் பதில் ஏதோ ஆங்கிலேயக் கடல்மீன் இருந்தது.

"அஞ்சு பேரு" என்றான் தெயோடர் எண்ணிவிட்டு.

"ஆறு" என்றார் ஸெனோன். காலி நாற்காலியை எடுத்து, இக்னாஷ் போடுவது போலவே திருப்பி, சாய்மானம் மேஜையைத் தொடும்படி போட்டார். ரோமான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். காலித் தட்டில் ஒரு விள்ளல் அப்பம் வைத்தார்கள்.

சாப்பிட்டு முடித்து, கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவதற்காகக் கூடத்தின் மறுமூலையில் எரிந்த அடுப்பைச் சுற்றி எல்லோரும் போய் நின்றார்கள். ஐந்து பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு பாடினார்கள். யாரும் நகரவில்லை. திரும்பி வந்தபோது நாற்காலி நேராக, மேஜையைப் பார்த்து இருந்தது. யாரோ உட்காருவதற்கு வசதியாக இழுத்துப் போட்டது போலக் கொஞ்சம் விலகியும் இருந்தது.

"யார்டா இது?" என்றான் ஃபெலிக்ஸ். "தெயோடர், நீயா?"

"என் கை ரோமான் தோளு மேலதான இருந்துச்சு."

யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஸெனோன் அப்பத்தைப் பார்த்தார். அது வைத்தபடியே இருந்தது. அவருக்குப் பயமாக இல்லை, நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. முன்னாடி உட்கார வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தது அவர்தான்.

அதன் பிறகும் பல முறை பறந்தார்கள். வாலுக்குப் புதுப் பையன் வந்தான், கெட்டிக்காரன், இடது வலது மாறாமல் சொன்னான். ஆனாலும் ஒவ்வொரு மிதவைக்கும் ஸெனோன், "உன் இடதா? விமானத்தோட இடதா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காதுக் கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பார். பையனுக்கு எரிச்சலாக வரும். "விமானத்தோட இடது கேப்டன். எத்தனை தரம்தான் கேப்பீங்க?" என்பான். வேறு குரல் எதுவும் வரவில்லை. ஐந்து பேரும் பிழைத்துக் கிடந்தார்கள்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையும் நாற்காலியைத் திருப்பிப் போடுவார் ஸெனோன். பாட்டு முடிந்து வந்து பார்ப்பார். திருப்பிப் போட்டபடியே இருக்கும்.

நாற்பத்தைந்தில் சண்டை முடிந்தது. வென்றது தாங்கள்தான் என்றார்கள். பிறகு பெரிய நாடுகள் மேஜைமேல் கோடு போட்டன. க்ரோட்னோ கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. நியேமென் ஆறும், அதன் கரையில் அவர் அளந்த வயல்களும், இக்னாஷின் கிராமமும் ரஷ்யாவுக்குப் போயின. தன் வரைபடத்தை எடுத்து அந்தக் கோட்டைப் பென்சிலால் போட்டுப் பார்த்தார் ஸெனோன். போட்டவுடன் அழித்தார். ஒரு முழ வேலிக்காக அடித்துக்கொண்ட பங்காளிகள் ஞாபகம் வந்தது. எங்கே வேண்டுமானாலும் விமானத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்தவருக்கு இப்போது போய்ச் சேர இடம் இல்லை.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையில் ஐந்து பேரும் அதே கூடத்தில் கூடினார்கள். யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அடுப்பைச் சுற்றி நின்று பாட்டை முணுமுணுத்துவிட்டுத் திரும்பினார்கள். நாற்காலி மேஜைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது.

"இந்த வருஷமும் வரல" என்றான் ஃபெலிக்ஸ்.

"எதுக்கு வரணும்?" என்றார் ஸெனோன். "அன்னிக்கு ஒரு தரம் வந்தது என் வாக்கு தீந்துச்சுன்னு சொல்லத்தான். அவன் வீட்டுல இருக்கான். ஆறு உறைஞ்சிருக்கும். அவங்க அம்மா விளக்கு வெச்சிருப்பாங்க. நம்ம ஆறு பேருல ஊருக்குப் போனவன் அவன் ஒருத்தன்தான்."

ஃபெலிக்ஸ் அவர் தோளில் கை வைத்தான். "அவன்தான் உங்களுக்கு வழி சொன்னானே கேப்டன்."

"இங்கிலாந்துக்குச் சொன்னான்டா" என்றார் ஸெனோன். காலித் தட்டிலிருந்த அப்பத்தை எடுத்தார். அதை உடைக்கவும் முடியவில்லை, திரும்ப வைக்கவும் முடியவில்லை. "ஆறு தெரியுதுன்னு சொன்னான். அப்பவே அந்தத் திசையக் கேட்டிருக்கணும். வழி சொல்றதே என் பொழப்பு. நான் கேக்கல."